எஞ்சினுக்கு ஏற்றும் சக்தியும் கையில் உள்ள பணமும்



தில்லியில் வாழும் தமிழர்களுக்குக் கரோல்பாக் என்னும் பெயர் இரண்டு காரணங்களால் பழக்கமானது. உத்தியோகம் தேடி வடக்கே வந்த நம்மவர் பலர் முற்காலத்தில் குடியேறிய இடங்களுள் அதுவும் ஒன்று என்பது முதற் காரணம். அங்குள்ள குறுகிய சந்துகளில் மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகக் கடைகளும் பட்டறைகளும் வரிசை வரிசையாக அமைந்திருப்பது இரண்டாவது காரணம். முதலாவதைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். இன்று நாம் இரண்டாவதைப் பற்றிச் சிறிது பேசக் கருதுகிறோம்.

நம் தமக்கையின் மகன் ஒருவன் குர்கானில் வேலை பார்க்கிறான். அவனிடம் 350 புல்லட் வண்டி ஒன்று இருக்கிறது. 1955-இல் சென்னையில் நிறுவனம் தொடங்கித் திருவொற்றியூரில் ஆலை எழுந்த நாள் முதல் தமிழ் மண்ணில் உருவாகி வரும் வண்டி அது. ஆகவே அதனிடம் அவனுக்குள்ள அபிமானம் ஊர்ப்பற்றும் கலந்த அபிமானம். சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நம் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. புதிய சைலன்ஸர், காற்றை எளிதாக விடும் ஃபில்டர், பெட்ரோல் அளவை மாற்றும் கணிப்பொறிப் பெட்டி, சிலிண்டரை அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் பொருத்துதல் என்று நான்கு இனங்கள். மொத்தம் 60,000 ரூபாய்.

“ஆனி மாதம் அவளையும் அழைத்துக்கொண்டு லே வரை போகலாம் என்று எண்ணுகிறேன், மாமா. வண்டி மலையேற வேண்டும். இந்தப் பணத்துக்கு இது தகுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான்.

கேள்வி ஒரு வாலிபனுடையது. எனினும் புனாவிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இதே கேள்வியைத் தம்முள் கேட்டுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் பலர். வீட்டு வாடகை கொடுத்து, ஊருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பி, மிஞ்சியதைச் சேர்த்து வைத்த பணம் அது. அதைச் செலவிடுமுன் கணக்குப் பார்ப்பது கருமித்தனம் ஆகாது. ஆகவே அவனுக்கு நாம் சொன்ன கணக்கையே உங்கள் முன்னும் வைக்கிறோம்.

முதலில், எஞ்சின் எவ்வாறு சக்தி பெறுகிறது என்பதைப் பார்ப்போம். அது காற்றை உள்ளிழுத்து, அதனுடன் பெட்ரோலைச் சேர்த்து எரித்து, அந்த வெப்பத்தால் பிஸ்டனைத் தள்ளும் யந்திரம். 1 கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமாயினும் ஊற்றிவிடலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஆகவே எஞ்சினின் பலம் என்பது அது விடும் மூச்சின் பலமே. அந்த மூச்சை மிகுதிப்படுத்த மூன்று வழிகளே உண்டு. சிலிண்டரைப் பெரிதாக்கலாம், ஒவ்வொரு மூச்சிலும் உட்புகும் காற்றைத் தடையின்றி விடலாம், அல்லது நிமிடத்துக்கு விடும் மூச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். பட்டறைக்காரரின் சீட்டில் உள்ளவை யாவும் இம்மூன்றனுள் அடங்கும்.

நம் மருமகனின் வண்டி 349 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. நிமிடத்துக்கு 6,100 சுற்றில் அது 20.2 குதிரைச் சக்தி தருவதாக ஆலையார் குறிப்பிடுகின்றனர். சைலன்ஸரும் ஃபில்டரும் மாற்றி, பெட்ரோல் அளவையும் சீர்செய்து, சக்தி பத்தில் ஒரு பங்கு கூடிற்று என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அதாவது ஏறத்தாழ 22 குதிரைச் சக்தி. இதனால் வேகம் எவ்வளவு கூடும்? பத்தில் ஒரு பங்கு என்று நினைப்பது இயல்பு. ஆனால் காற்று அதற்கு இடங்கொடுப்பதில்லை. வேகமாகச் செல்லும் வண்டியை எதிர்ப்பது பெரும்பாலும் காற்றே; அந்த எதிர்ப்பை வெல்ல வேண்டிய சக்தியோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்த வேண்டுமாயின் சக்தியை மூன்றில் ஒரு பங்கு உயர்த்த வேண்டும். சக்தி பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால் வேகம் நூற்றுக்கு மூன்று பங்கே உயரும். 110 கிலோமீட்டர் ஓடிய வண்டி 113 ஓடும். அந்த மூன்று கிலோமீட்டரும் முழு வேகத்தில் செல்லும்போதுதான். காலையில் அலுவலகம் செல்லும் சாலையில் 40-க்கு மேல் போக முடியாத வண்டிக்கு அது எப்போது கிட்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியாயின், சைலன்ஸர் மாற்றியவர்கள் எல்லாரும் வண்டி பறக்கிறது என்று சொல்கிறார்களே, அது பொய்யா? பொய்யன்று, மயக்கம். மனிதனின் செவி வேகத்தை ஒலியால் அளக்கிறது. ஒலி பெருகினால் வேகம் பெருகியதாகவே தோன்றும். இந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். பின் சக்கரத்தை அதன் உருளைமேல் ஓடவிட்டு, சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியை அது அளந்து காட்டும். வேலைக்கு முன் ஒரு முறையும் வேலைக்குப் பின் ஒரு முறையும் அதே கருவியில் அளந்து காட்டச் சம்மதிக்கும் பட்டறை நேர்மையானது. “ஓட்டிப் பாருங்கள், தெரியும்” என்று மட்டும் சொல்லும் பட்டறையில் நாம் பணப்பையைத் திறக்காமல் இருப்பதே நலம்.

இனி, சிலிண்டரைப் பெரிதாக்கும் வேலை. சக்தியைக் கூட்டுவதில் மெய்யாகவே பலனுள்ளது இதுவே. அதற்கு ஆலையாரே ஒரு சான்று தந்திருக்கின்றனர். முந்தைய வகை 350 எஞ்சினில் சிலிண்டரின் அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். 2020 வரை விற்ற 500 எஞ்சினில் அத்தொலைவு அதே 90. அகலம் மட்டும் 84. முன்னது 19.8 குதிரைச் சக்தி தந்தது, பின்னது 27.2. பதினான்கு மில்லிமீட்டர் அகலம் இவ்வளவு செய்தது. ஆனால் கவனியுங்கள்: கொள்ளளவு நூற்றுக்கு 44 பங்கு கூடியது, சக்தி 37 பங்குதான் கூடிற்று. கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீச்சும் கருவியும் உடன் அமைக்கப்பட்ட பிறகே அதுவும் கிடைத்தது. ஆலையார் பல காலம் சோதித்துச் செய்த வேலை அது. சந்துப் பட்டறையில் இரண்டு நாளில் செய்யும் வேலை அதற்கு ஈடாகுமா?

இதைக் கேள்வியாகக் கேட்கிறோமே ஒழிய, விடை நமக்கு அனுபவத்தால் தெரியும். அதையும் சொல்லிவிடுவது நேர்மை.

1988-இல் நம்மிடம் பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட் ஒன்று இருந்தது. 18 குதிரைச் சக்தி. அது போதாது என்று நமக்குத் தோன்றிற்று. நகரில் ஒரு பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, அமுக்க விகிதம் மிகுந்த புதிய பிஸ்டனும் திறந்த சைலன்ஸரும் பொருத்திக்கொண்டோம். நம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவாயிற்று. பத்து நாட்கள் வண்டி குதிரைபோல் ஓடியது. நாமும் அதற்கேற்பத் தலை நிமிர்ந்து ஓட்டினோம்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஆக்ரா சாலையில் சென்றோம். மதுராவுக்கு இன்னும் தூரம் இருந்தது. நண்பகல் வெயில். அரைமணி நேரமாக ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு முனகலுடன் திடீரென நின்றது. நிற்பதோடு விடவில்லை; பின் சக்கரத்தையும் பற்றிப் பூட்டிவிட்டது. கிளட்சைப் பிடிப்பதற்குள் வண்டி சாலையோரச் சரளையில் சாய்ந்து நாங்கள் இருவரும் விழுந்தோம். நமக்கு முழங்காலில் தோல் போயிற்று. மனைவிக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து எங்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டு மருத்துவமனையில் சேர்த்தார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் நமக்கு அன்று தோன்றவில்லை.

காரணம் பின்னர் தெரிந்தது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதற்கென விட வேண்டிய மயிரிழை இடைவெளியைப் பட்டறைக்காரர் குறைவாக விட்டிருந்தார். சைலன்ஸரைத் திறந்துவிட்டவர் கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் ஜெட்டை மாற்றவில்லை. ஆகவே காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை, அளவுக்கு மீறிச் சுட்டெரித்தது. விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. அவர் செய்த பிழைகள் இரண்டு. அளந்து காட்டும்படி கேளாத பிழை நம்முடையது. இன்றும் தில்லிக் குளிர் தொடங்கினால் மனைவியின் மணிக்கட்டு நோகும். அவர் ஒன்றும் சொல்வதில்லை. நமக்குத் தெரியும்.

இக்காலத்து வண்டிகளில் கணிப்பொறி பெட்ரோலை அளந்து விடுகிறது; அதனால் ஆபத்து குறைந்திருக்கிறது; மறைந்துவிடவில்லை. ஆலையார் எழுதி வைத்த அளவு அவர்கள் பொருத்திய சைலன்ஸருக்கும் ஃபில்டருக்கும் உரியது. அவற்றை மாற்றி, அளவை மாற்றாமல் விட்டால் முழு வேகத்தில் கலவை வறளக்கூடும். மேலும் இப்போது நம் நாட்டில் பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டது. கலவையை வறட்சிப் பக்கமே அதுவும் தள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்போர் இதனை மறக்கலாகாது.

அடுத்தது சட்டம். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே பொருந்தும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் ஆலையார் குறித்தவற்றிலிருந்து மாறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது. எஞ்சினின் கொள்ளளவு அவ்விவரங்களுள் ஒன்று. 2019-இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நம்மவர் பலருக்கு ஓரிடத்தில் நிலைத்த உத்தியோகம் இல்லை. இன்று தில்லி, நாளை நாகபுரி. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அப்போது வண்டி சோதனைக்கு உட்படலாம். ஊரில் இருப்பவர் மறைத்து வைக்கக்கூடியதை மாற்றலாகிச் செல்பவர் மறைக்க இயலாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்தபின் இழப்பீட்டை மறுக்கவும் இடங்கொடுக்கும். ஆலையாரின் உத்தரவாதமும் கைவிட்டுப் போகக்கூடும்.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மருமகன், “எல்லாம் சரி, மாமா. ஆனால் லே மலைக்கு இந்தச் சக்தி போதுமா?” என்றான். நல்ல கேள்விதான்.

லே நகரத்துக்கு அப்பால் உள்ள கர்துங் கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. எஞ்சின் என்பது மூச்சு என்றோமல்லவா? அங்கு அதன் 20 குதிரைச் சக்தி பன்னிரண்டாகச் சுருங்கும். 22 ஆக்கிக் கொண்டுபோனாலோ பதின்மூன்றாகச் சுருங்கும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மலையுச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரே ஒரு குதிரை!

மலையேற வேண்டுவது வேகமன்று, இழுவை. அதைப் பெற மலிவான வழிகள் உண்டு. எஞ்சின் பக்கத்தில் செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் 15 பல் இருக்கிறது என்று கொள்வோம். அதற்குப் பதில் 14 பல் உள்ளதைப் பொருத்தினால், ஒவ்வொரு கியரிலும் பின் சக்கரத்தின் இழுவை நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். சில நூறு ரூபாய்ச் செலவு. எஞ்சினைத் திறக்க வேண்டுவதில்லை; பதிவுச் சான்றிதழில் எழுதிய எந்த விவரமும் மாறுவதில்லை; திரும்பி வந்ததும் பழையதையே மாட்டிக்கொள்ளலாம். சமவெளியில் அதே வேகத்துக்கு எஞ்சின் சற்று அதிகமாகச் சுழலும் என்பது ஒன்றே குறை.

அதைவிட மலிவானது மூட்டையைக் குறைப்பது. வண்டி 195 கிலோ, ஆட்கள் இருவர் 130, சாமான் 25, ஆக மொத்தம் 350 கிலோ. அதில் 20 கிலோ குறைத்தால், ஏற்றத்தில் சக்தியை நூற்றுக்கு ஆறு பங்கு கூட்டியதற்கு ஒப்பாகும். இதற்குக் காசே வேண்டாம்.

ஆகவே வண்டிக்குச் செலவிட விரும்புவோர் பின்பற்றத்தக்க வரிசை ஒன்றைக் கூறுகிறோம். முதலாவது, இழந்த சக்தியை மீட்டல். அடைத்த காற்று ஃபில்டர், தளர்ந்த செயின், இடைவெளி பிசகிய வால்வு, வழுக்கும் கிளட்சு, காற்றிறங்கிய டயர் இவை யாவும் சேர்ந்து திருடும் சக்தி, சைலன்ஸர் தரக்கூடியதைவிட அதிகமாகவே இருக்கும். இரண்டாவது, நிற்கும் சக்தி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்த, எண்பதில் நிறுத்துவதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் பிரேக் உழைக்க வேண்டும். நல்ல டயரும் நல்ல பிரேக் பட்டையும் வாங்கிய பணம் ஒரு நாளும் வீணாகாது. மூன்றாவது, பல்சக்கரம். இம்மூன்றும் முடிந்த பிறகும் மனம் நிறையாவிட்டால் எஞ்சினைப் பற்றி எண்ணலாம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும். உண்மையில் நமக்கு வேண்டுவது இந்த வண்டியில் கூடுதல் சக்தியா, அன்றி வேறு வண்டியா? அதே ஆலையார் செய்யும் 648 கன சென்டிமீட்டர் இரட்டைச் சிலிண்டர் வண்டி 47 குதிரைச் சக்தி தருகிறது. அச்சக்திக்கு ஏற்ற சட்டமும் பிரேக்கும் உத்தரவாதமும் அதனுடனே வருகின்றன. 350-ஐ விற்று, மாற்றத்துக்கு வைத்திருந்த பணத்தைச் சேர்த்து, மேற்கொண்டு கொஞ்ச காலம் சேமிப்பது பலருக்கு மேலான வழியாகும். வண்டியை விற்கும்போது, அதில் செய்த மாற்றங்களுக்கு வாங்குபவர் விலை தருவதில்லை. பல சமயம் அவற்றைக் கண்டு விலையைக் குறைக்கவே செய்கிறார்.

எஞ்சினைப் பலப்படுத்தும் கலையையே நாம் பழிக்கவில்லை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயம் பார்த்தவர்கள் நம்முள் இன்னும் இருக்கின்றனர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் ஒரு குதிரைச் சக்திக்கும் பலன் உண்டு. அளக்கக் கடிகாரமும் உண்டு. விழுந்தால் தூக்க ஆளும் உண்டு. அங்கே அந்தச் செலவு தகும். மற்றபடி, கைக்கு மிஞ்சிய பணம் இருந்து, சட்டத்துக்கு உட்பட்டு, “எனக்கு இது பிடித்திருக்கிறது” என்று ஒருவர் செய்துகொள்வாரானால், அதையும் நாம் குறை கூறோம். வீணை வாங்குபவரிடம் யாரும் லாப நஷ்டம் கேட்பதில்லை. இன்பத்துக்குச் செலவிடுவதை இன்பம் என்றே சொல்லிச் செலவிட வேண்டும். அதற்குச் சிக்கனம் என்றும் அவசியம் என்றும் பெயர் சூட்டும்போதுதான் நாம் ஏமாறுகிறோம்.

மருமகன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். போகும்போது அத்தையின் கையைப் பார்த்துவிட்டுப் போனான் என்பதையும் கவனித்தோம். ஆனி மாதம் இருவரும் சென்று நலமாகத் திரும்பினர். புதிய டயர்கள், புதிய பிரேக் பட்டைகள், ஒரு பல் குறைந்த சக்கரம். பாதி மூட்டையை வீட்டிலேயே விட்டுச் சென்றார்கள். கணவாயின் கடைசி வளைவுகளை முதல் கியரில் நடை வேகத்தில் ஏறியதாகச் சொன்னான். “மெதுவாகத்தான் ஏறிற்று, மாமா. ஆனால் ஏறிற்று” என்றான்.

மிஞ்சிய பணம் பாங்கியில் இருக்கிறதாம். அந்தச் சைலன்ஸரின் ஓசை மட்டும் இன்னும் அவன் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டான். அது வாலிபத்தின் ஓசை. அதற்கு நாம் என்ன கணக்குச் சொல்ல முடியும்? அளந்து பார், பிறகு வாங்கு என்பதொன்றே நாம் சொல்லக்கூடியது. உங்களுக்கும் அதையே சொல்லி விடைபெறுகிறோம்.